ஒளி கூறும் சாட்சியம்

நம் கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, பழைய ஆசிரியர்களின் பெருமையையோ விளையாட்டு மைதானத்து வெற்றிகளையோ எழுதுவதே மரபு என்பதை யான் அறியாதவனல்லேன். அவற்றை என்னினும் வல்ல அன்பர் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். இரசாயனம் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த ஒருவனுக்கு இரசாயனம் பற்றியே பேச வருகின்றது. ஆதலின் உயிருள்ள கலமொன்றின் உள்ளே தோன்றும் ஒரு சிறு ஒளியைப் பற்றியும், அவ்வொளியை எவ்வளவு நம்பலாம் என்பது பற்றியும், அதனால் நமக்கு விளையும் கடமை பற்றியும் சில கூற விரும்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் குடாநாட்டில் நடந்த விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றிற்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு மாணவன் ஊதா நிறக் கரைசல் ஒன்றில் முருங்கையிலைச் சாற்றைச் சில துளிகள் விட்டான். ஊதா நிறம் மறைந்து மங்கிய மஞ்சளாயிற்று. அருகிலிருந்த அட்டையில், “முருங்கையிலை கலங்களைக் காக்கும், புற்றுநோயைத் தடுக்கும்” என்று பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது.

“தம்பி, இதில் தேசிக்காய்ச் சாறு விட்டாலும் நிறம் போகுமா?” என்று கேட்டேன்.

“போகும், சேர்.”

“வெறும் தேயிலைச் சாயம் விட்டால்?”

“அதற்கும் போகும், சேர்.”

“அப்படியானால் எந்தக் கலத்தை நீ பார்த்தாய்?”

மாணவன் பேசவில்லை. அவன்மீது குற்றமில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை யான் கேட்டுவிட்டேன். அக்கரைசல் டி.பி.பி.எச். எனப்படும் பொருளினது. ஐதரசன் அணுவையோ இலத்திரனையோ எளிதிற் கொடுக்கும் எப்பொருளும் அதன் நிறத்தைப் போக்கும். கண்ணாடிக் குழாயில் நடந்தது அவ்வளவே. அதில் கலமும் இல்லை, நோயும் இல்லை. குழாய்க்கும் கலத்திற்கும் இடையே உள்ள அகழியைத் தாண்டுவதற்காகவே விஞ்ஞானிகள் ஒளிரும் சாயங்களைக் கண்டுபிடித்தனர். அச்சாயங்களும் பொய்யுரைக்கக் கூடும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாம் சுவாசிக்கும் ஒட்சிசனின் பெரும்பகுதி கலத்தின் இழைமணிகளில் இலத்திரன்களை முறையாகப் பெற்று நீராகின்றது. சிறிதளவு மாத்திரம் ஓர் இலத்திரனை மட்டும் பெற்றுச் சுப்பரொட்சைட்டு ஆகின்றது. அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டும், இரும்பின் துணை கிட்டுமிடத்துக் கொடிய ஐதரொட்சில் மூலிகமும் தோன்றும். இக்கூட்டத்தையே தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் இனங்கள் என்பர். சுப்பரொட்சைட்டை அழிப்பதற்கென்றே உடலில் ஒரு நொதியம் உண்டு என்பதை மக்கோட், பிரிடோவிச் என்னும் இருவர் 1969 இல் காட்டினர். அன்று முதல் இவ்வினங்களைப் பகைவரென்றே உலகம் எண்ணலாயிற்று. அது பாதி உண்மையே. நம் குருதியிலுள்ள வெண்கலங்கள் கிருமிகளைக் கொல்வதற்கு இவற்றையே ஆயுதமாக ஏந்துகின்றன. சிறிதளவு ஐதரசன் பேரொட்சைட்டு, கலத்தின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்கு விடுக்கும் செய்தியாகவும் பயன்படுகின்றது. எனவே இவை எங்கே, எப்போது, எவ்வளவு தோன்றுகின்றன என்பதை அறியாமல் இவற்றை நல்லன என்றோ தீயன என்றோ கூறுதல் பொருந்தாது.

அறிவது எளிதன்று. இவற்றுட் சில தோன்றிய கணத்திலேயே மறைவன. கலத்தைச் சிதைத்து ஆராய்ந்தால் அவை அகப்படுவதில்லை. ஆகவே கலம் உயிரோடிருக்கும்போதே உள்ளே ஓர் ஒற்றனை அனுப்ப வேண்டியதாயிற்று. அவ்வொற்றனே உடனொளிர்வுச் சாயம்.

உடனொளிர்வு நம் கண்ணுக்குப் புதியதன்று. கொயினா கரைத்த நீரைச் சூரிய ஒளியிற் பிடித்தால் அதன் மேற்பரப்பில் நீல ஒளி தோன்றுவதை ஏர்செல் 1845 இல் எழுதினார். ஓர் அலைநீளத்து ஒளியை உட்கொண்டு அதனினும் நீண்ட அலைநீளத்து ஒளியை வெளிவிடும் இயல்பு இது என்று விளக்கிப் பெயரிட்டவர் ஸ்ரோக்ஸ், ஆண்டு 1852. அடொல்ப் வொன் பாயர் 1871 இல் ஆக்கிய புளோரசீன் என்னும் சாயத்தைக் கண் வைத்தியர் இன்றும் கண்ணில் இட்டு நீல ஒளியிற் பார்க்கின்றனர். கருவிழியிற் காயமுள்ள இடம் பச்சையாய் ஒளிரும். பச்சிலையை மதுசாரத்தில் அரைத்து வடித்து ஊதா ஒளியிற் பிடித்தால் சிவப்பாய் ஒளிரும். பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்து காணத்தக்கது இது.

புளோரசீனின் உறவினமான ஒரு சாயம் ஒளிராத வடிவில் உண்டு. ஐதரசன் பேரொட்சைட்டை மிகச் சிறிய அளவிலும் அளப்பதற்கு அதனைப் பயன்படுத்தலாம் என்று கெஸ்ரன், பிராண்ட் என்போர் 1965 இல் காட்டினர். அதன் அசற்றேற்று வடிவம் கலத்தினுள் நுழையும். உள்ளேயுள்ள நொதியங்கள் அசற்றேற்றுப் பகுதியை வெட்டிவிடும். வெட்டுண்ட சாயம் பெரும்பாலும் வெளியேற மாட்டாது உள்ளே தங்கும். அங்கு ஒட்சியேற்றப்பட்டால் பச்சையாய் ஒளிரும். விலையோ மலிவு. முறையோ எளிது. உலகின் எண்ணற்ற ஆய்வுகூடங்களில் அதனை ஊற்றிப் பச்சை ஒளியைப் படம் பிடித்து, “இதோ ஒட்சிசன் இனங்கள் பெருகின, இதோ நம் மூலிகையால் அவை குறைந்தன” என்று எழுதுவது வழக்கமாயிற்று.

இந்த ஒற்றனின் குறைகளைக் கேளுங்கள். அவன் ஐதரசன் பேரொட்சைட்டோடு நேரே பேசுபவன் அல்லன். இடையில் இரும்போ, பேரொட்சிடேசு நொதியமோ, சைற்றோகுரோம் சீ என்னும் புரதமோ வேண்டும். ஆகவே கலத்தில் இரும்பு பெருகினாலும், சாகும் கலத்தில் சைற்றோகுரோம் சீ இழைமணியிலிருந்து வெளிப்பட்டாலும், பேரொட்சைட்டு பெருகாமலே ஒளி பெருகும். அன்றியும், ஒட்சியேறும் வழியில் இச்சாயம் தானே ஒரு மூலிகமாகி ஒட்சிசனோடு கூடிச் சுப்பரொட்சைட்டை உண்டாக்கும். அதிலிருந்து மேலும் பேரொட்சைட்டு பிறந்து மேலும் சாயம் ஒளிரும். திருடனைப் பிடிக்கச் சென்ற காவலன் தானே திருடித் தன் எண்ணிக்கையைப் பெருக்கிக் கொள்வது போன்றது இது. நுணுக்குக்காட்டியின் வெளிச்சம் நெடுநேரம் பட்டாலும் சாயம் ஒளிரத் தொடங்கும்.

திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டும் ஆராய்ந்து கொள்க என்றும், ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆண்டு மூவர் சொல் ஒத்தவிடத்துத் தெளிக என்றும் அரசனுக்கு அறிவுரை கூறுகின்றார். ஆய்வுகூடத்தில் நிற்பவனுக்கு இதனினும் சிறந்த விதி யான் அறியேன்.

அவ்விதியின்படி ஒழுகியவர் நம்மவரிடையே உளர். 1923 இல் கல்கத்தாவில் இராமனின் மாணவர் கே. ஆர். இராமநாதன் திரவங்களிற் சிதறும் ஒளியை ஆராய்ந்தபோது, இருக்கக் கூடாத ஒரு மங்கல் ஒளியைக் கண்டார். அது மாசினால் உண்டாகும் மெல்லிய உடனொளிர்வு என்று எண்ணித் திரவத்தை மீண்டும் மீண்டும் தூய்மை செய்தனர். ஒளி மறையவில்லை. 1928 இல் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் ஏறத்தாழ அறுபது திரவங்களில் அதனைக் கண்டு, அது முனைவாக்கம் உடையதாதலால் உடனொளிர்வு அன்று எனத் தெளிந்தனர். அவ்வாண்டு பெப்ரவரி 28 ஆம் நாள் தெளிவாகக் காணப்பட்ட அவ்விளைவே இராமன் விளைவு. 1930 இல் நோபல் பரிசும் வந்தது. உடனொளிர்வு என்று முதலிற் கூறியதோடு அவர்கள் அமைந்திருந்தால் கண்டுபிடிப்பும் இல்லை, பரிசும் இல்லை. ஒளியைக் கண்டவுடன் மகிழாது அதனைக் குறுக்கு விசாரணை செய்தமையே அவர்தம் பெருமை.

நமது காலத்து உதாரணம் ஒன்றும் உண்டு. சுப்பரொட்சைட்டை அறிய ஐதரோஎதிடீன் என்னும் சாயத்தை இடுவர். கலம் சிவப்பாய் ஒளிரும். அமெரிக்காவில் விஸ்கொன்சின் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த பாலராமன் கல்யாணராமன் குழுவினர் 2003 ஆம் ஆண்டிலும் 2005 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட கட்டுரைகளில் ஒரு சங்கடத்தை வெளிப்படுத்தினர். அச்சிவப்பு ஒளி ஒரு பொருளினது அன்று, இரண்டு பொருள்களினது. ஒன்று சுப்பரொட்சைட்டால் மாத்திரம் உண்டாவது. மற்றது வேறு ஒட்சியேற்றங்களால் உண்டாவது. இரண்டின் ஒளியும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. நிறப்பகுப்பு முறையால் இரண்டையும் பிரித்தளந்தாலன்றிச் சுப்பரொட்சைட்டு என்று சொல்ல உரிமையில்லை. 2012 இல் அவரும் உலகின் பிற வல்லுநரும் கூடி இத்தகைய சாயங்களின் எல்லைகளை வரையறுத்தனர். 2022 இல் மர்பி முதலியோர் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் ஒரு படி மேற்சென்று, ஒட்சிசன் இனங்கள் என்று பொதுப்படச் சொல்லாது எந்த இனம் என்று பெயர் சொல்லுக எனக் கேட்கின்றது.

நல்ல ஒற்றரும் பிறந்துள்ளனர். 2004 இல் கலிபோர்னியாவில் கிறிஸ்தோபர் சாங் குழுவினர் போரன் சேர்ந்த சாயங்களை ஆக்கினர். அவை பேரொட்சைட்டோடு நேரே தாக்கம் புரிவன. ஆயினும் அத்தாக்கம் மெதுவானது. பேரொட்சிநைத்திரைற்று என்னும் வேறோர் இனத்தோடு ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு விரைவாக அவை தாக்கம் புரியும். 2006 இல் பெலூசோவ் குழுவினர் பற்றீரியாப் புரதமொன்றை ஒளிரும் புரதத்தோடு இணைத்துக் கலமே தனக்கு ஒற்றனை ஆக்கிக் கொள்ளுமாறு செய்தனர். அவ்வொற்றனோ கலத்தின் அமிலத் தன்மை மாறினாலும் மயங்கினான். அக்குறை நீங்கிய வடிவம் 2020 இல் வந்தது. குறையற்ற ஒற்றன் எவனும் இல்லை. குறை தெரிந்த ஒற்றன் உண்டு. பின்னவனே பயன்படுவான்.

நம் சமையலறைக்கு வருவோம். மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின் நீல ஒளியை உட்கொண்டு பச்சையாய்த் தானே ஒளிர்வது. முன் கூறிய பச்சைச் சாயத்தோடு மஞ்சட் சாற்றைக் கலத்தில் இட்டால், காணும் பச்சை யாருடையது? மஞ்சள் நீல ஒளியைத் தானே விழுங்கிச் சாயத்திற்குக் கிடையாமற் செய்தால் பச்சை குறையும். அதனை “மஞ்சள் காத்தது” என்று எழுதலாமா? குர்க்குமின் பற்றிய ஆய்வுகளில் இத்தகைய மயக்கங்கள் மலிந்துள்ளன என்பதை 2017 இல் வெளிவந்த விரிவான மதிப்புரை ஒன்று எடுத்துக் காட்டியது. சாயம் இடாத கலம், மஞ்சள் மட்டும் இட்ட கலம், சாயம் மட்டும் இட்ட கலம், இரண்டும் இட்ட கலம் ஆகிய நான்கையும் பார்த்தவனே பேசத் தகுதியுடையான். இதற்குப் பெரும்பணம் வேண்டாம்; நேர்மை வேண்டும்.

“இவ்வளவு நுணுக்கம் எதற்கு? மூலிகையால் நன்மை இல்லாவிடினும் தீமை என்ன?” என்று அன்பர் வினவலாம். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம், ஒட்சியேற்ற எதிரிகளான பீற்றா கரற்றீனும் விற்றமின் ஈயும் கொடுத்து ஆராய்ந்தனர். நுரையீரற் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994 இல் முடிவு வந்தபோது, பீற்றா கரற்றீன் உண்டவரிடையே அந்நோய் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் பீற்றா கரற்றீனும் விற்றமின் ஏயும் கொடுத்த ஆய்வில் அது இருபத்தெட்டு வீதம் கூடியது. 1996 இல் அவ்வாய்வைக் குறித்த காலத்திற்கு முன்னரே நிறுத்தினர். குழாயில் நல்லவனாய்த் தோன்றிய பொருள் மனிதனுள் வேறு முகம் காட்டிற்று. முருங்கையிலையும் மஞ்சளும் பினாட்டும் நல்லுணவு, அவற்றை உண்க. ஆயின் வில்லையாக்கிப் போத்தலில் அடைத்துப் “புற்றுநோய் தடுக்கும்” என்று சீட்டு ஒட்டினால், அதனை நம்பி நீரிழிவு மருந்தை நிறுத்தும் ஒரு முதியவருக்கு அச்சீட்டு எழுதியவன் பதில் கூற வேண்டும்.

முறையாகக் கையாண்டால் இதே வகைச் சாயம் உயிர் காக்கும். சில குழந்தைகளின் வெண்கலங்கள் பிறவியிலேயே சுப்பரொட்சைட்டை ஆக்க வல்லனவல்ல. ஆதலால் கிருமி நோய்கள் அவர்களை ஓயாது வாட்டும். குழந்தையின் வெண்கலங்களில் ஐதரோரோடமீன் சாயத்தை இட்டு அவற்றைத் தூண்டுவர். நலமுள்ள ஒருவரின் கலம் பச்சையாய் ஒளிரும். நோயுற்ற குழந்தையின் கலம் இருண்டிருக்கும். நோய் தெளிவாகும். இச்சோதனை நம்பத் தக்கதாவது ஏன்? ஒவ்வொரு முறையும் நலமுள்ள ஒருவரின் குருதியையும் உடன் வைத்து ஒப்பிடுவதாலேயே.

“இவை செல்வ நாடுகளின் விளையாட்டு, நமக்கு ஏலாது” என்பது மற்றொரு தடை. அதற்கு விடை நம் தீவிலேயே உண்டு. 1985, 1986 ஆம் ஆண்டுகளில் கொழும்புப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரசன்ன டி சில்வாவும் உடனுழைத்தோரும் இரு சிறு கட்டுரைகளை வெளியிட்டனர். ஒளிரும் பகுதி, இடைவெளிப் பகுதி, பற்றும் பகுதி என மூன்றாக மூலக்கூற்றை அமைத்தனர். பற்றும் பகுதி வெறுமையாயிருக்கையில் அதன் இலத்திரன் ஒன்று தாவி ஒளியை அணைத்துவிடும்; தேடிய அயன் வந்து பற்றியதும் இலத்திரன் கட்டுண்டு, விளக்கு ஏற்றியது போல் ஒளி தோன்றும். பின்னர் பெல்பாஸ்டில் ராணிப் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த அவர், இரண்டு அயன்கள் ஒருங்கே வந்தால் மட்டும் ஒளிரும் மூலக்கூற்றை 1993 இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அத்தத்துவத்தில் அமைந்த உணரிகள் குருதியிலுள்ள சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றை அளக்கும் மருத்துவக் கருவிகளிற் பயன்படலாயின. ஒளியை ஏற்றவும் அணைக்கவும் வல்ல அதே எண்ணம் கலத்தினுள் நைத்திரிக் ஒட்சைட்டு முதலியவற்றைத் தேடும் சாயங்களுக்கும் உதவியது. இரசாயனம் நன்கு கற்றவர் சிலர், இத்தீவில், போர்க்காலத்தில் தொடங்கிய வேலை இது.

“குடிநீருக்கே வழியில்லாத குடாநாட்டில் கலத்தின் ஒளி பற்றி என்ன பேச்சு?” என்பாரும் உளர். அவருக்கு யான் கூறுவது இதுவே. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளதா என்ற கேள்வி எழுந்து, அறிக்கைகள் முரண்பட்டபோது மக்கள் யாரை நம்புவது என்றறியாது தவித்தனர். நீரிற் கலந்த எண்ணெயை அளக்கும் முறைகளுள் உடனொளிர்வும் ஒன்று. சுண்ணக்கல் நிலத்தில் உரத்தின் நைத்திரேற்று கிணற்றில் இறங்குவதும் அளந்தே அறியத் தக்கது. எதை அளந்தாய், எதனோடு ஒப்பிட்டாய், வேறு எதுவும் இவ்வாறு தோன்றக் கூடுமோ என்ற மூன்று கேள்விகள் கலத்திற்கும் கிணற்றிற்கும் பொதுவானவை. அவற்றைக் கேட்கப் பழகிய மக்களை எவரும் எளிதில் ஏமாற்றார்.

பழைய மாணவர் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். விழாக் காலங்களில் வளைவும் மண்டபமும் சிலையும் எழுப்புகின்றோம், குறை கூறேன். அச்செலவின் ஒரு சிறு பங்கால், நம் கல்லூரி விஞ்ஞானக் கண்காட்சியில் மிக அழகிய முடிவைக் காட்டியவனுக்கு அன்றி, மிகச் சிறந்த கட்டுப்பாட்டுச் சோதனையைச் செய்த மாணவனுக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்குக. இது முதலாவது. 1974 இல் வளாகமாய்த் தோன்றி 1979 இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயிலும் நம் மாணவர் ஒருவர், சாயமொன்றைத் தம் கையால் ஆக்கி ஆராய்வதற்கு உதவித்தொகை ஒன்றை நிறுவுக. பெரும் விலையில் நுணுக்குக்காட்டி ஒன்றை வாங்கித் துணியால் மூடி வைப்பதினும் இது மேலானது. கருவி பழுதாகும், கற்ற கை பழுதாகாது. இது இரண்டாவது. நம்முள் வைத்தியரும் வணிகரும் உணவு உற்பத்தியாளரும் உளர். குழாயில் நிறம் மாறியதை மட்டும் கொண்டு நோய் தீரும் என்று சீட்டு ஒட்டுவதில்லை என அவர்கள் உறுதி பூணுக. மூன்றாவதே கடினமானது, செலவு இல்லாதது, அதனாலேயே முதலிற் செய்யத் தக்கது.

அக்கண்காட்சி மாணவனைச் சில மாதங்களின் பின் வீதியிற் கண்டேன். சைக்கிளை நிறுத்தி, “சேர், வெறும் தண்ணீரும் விட்டுப் பார்த்தேன், நிறம் போகவில்லை. ஆனால் இலைச் சாறு எடுத்த மதுசாரத்தை மட்டும் விட்டுப் பார்க்க மறந்துவிட்டேன். நாளைக்குச் செய்யப் போகிறேன்” என்றான். யாரும் கேளாமலே தன் தவற்றைத் தானே தேடும் ஒரு மாணவன் உருவாகிவிட்டான். அவனைப் போன்றவர் ஆண்டுக்கு ஒருவர் நம் கல்லூரியிலிருந்து வெளிவந்தாலும் இவ்விழா பயனுடையது ஆகும்.

கல்லூரி அன்னை வாழ்க. அவள் ஏற்றும் விளக்கு பொய்யொளி காட்டாதிருக்க.